எலக்ட்ரானிக் லோடு: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

வணக்கம். பினாங்கு, பாயான் லெப்பாஸில் மின்வழங்கிகளைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறை நடத்துகிறேன். 48 வோல்ட், 10 ஆம்பியர் மின்வழங்கிகளை இதுவரை பெரிய ரெசிஸ்டர்களைக் கொண்டே சோதித்து வந்தேன். மேசை வெந்து கறுத்ததுதான் மிச்சம்.

அண்மையில் வாங்கிய பழைய 300 வாட் புரோகிராமபிள் எலக்ட்ரானிக் லோடு (மின்வழங்கியிலிருந்து நாம் குறிக்கும் அளவு மின்னோட்டத்தை இழுத்துச் சோதிக்கும் கருவி), மாறா மின்னோட்ட முறையில் 6 ஆம்பியர் வரை சீராக இயங்கினாலும், 1 ஆம்பியரிலிருந்து 5 ஆம்பியருக்குத் திடீரெனத் தாவச் செய்தால் ஆசிலோஸ்கோப்பில் (அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) அலைவு தெரிகிறது. வயர்களைக் குட்டையாக்கி முறுக்கியதும் அது பாதியாகக் குறைந்ததால், வயரின் இண்டக்டன்ஸே (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) காரணம் என ஐயுறுகிறேன். மின்னழுத்தத்தை அளக்கும் சென்ஸ் வயர்கள் மின்வழங்கியின் முனையிலேயே உள்ளன. மின்னோட்டம் ஏறும் வேகத்தைக் குறைத்தால் போதுமா, வேறு ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

முழு 480 வாட் சோதனைக்கு, இதே கருவியில் இன்னொன்றை இணையாக இணைப்பது நல்லதா, 600 வாட் கருவி ஒன்றை வாங்குவது நல்லதா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.