முதல் கூட்டத்துக்குப் போன நாள்: தென்னாப்பிரிக்காவிலிருந்து சில அனுபவங்கள்

சாட்ஸ்வர்த், டர்பன்

நான் குடிக்கு அடிமை என்பதை என்னிடமிருந்தே மறைத்தது புரட்டாசி மாதம்தான். வருடா வருடம் அந்த மாதம் முழுக்க வீட்டில் கறி கிடையாது, நானும் குடிக்க மாட்டேன். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும்போதும் அப்படியே. "ஒரு மாசம் தொடாமல் இருக்கிறேனே, நான் எப்படி அடிமை?" என்று மனைவியிடம் வாதாடுவேன். ஆனால் விரதம் முடிவதற்கு இரண்டு நாள் முன்பே கேன் ஸ்பிரிட் போத்தல் காருக்குள் வந்துவிடும். 1860 முதல் நம் முன்னோர்கள் இங்கே வெட்டிய கரும்பு, அதிலிருந்து வடித்த சரக்கு. அன்று இரவு பிள்ளைகள் சீக்கிரமே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

2020 மார்ச் 27-இல் ஊரடங்கு வந்தது, மது விற்பனையும் நின்றது. விரதம் நானாக எடுத்தது, முடியும் தேதி எனக்குத் தெரியும். இதற்குத் தேதியே இல்லை. அன்னாசிப்பழம், சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் போட்டு வாளியில் ஊற வைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, மூடியைத் திறந்து, நுரை வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் தண்ணீர் குடிக்க வந்தவள் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். அந்த இரவில்தான் எனக்குப் புரிந்தது.

குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ., அமைப்பின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவரும் குடியிலிருந்து மீண்டவர்தான். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "இன்று குடித்தீர்களா? எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்?" அவ்வளவுதான். கூட்டங்கள் அப்போது ஜூமில் நடந்தன. எனக்கு ஆட்களை நேரில் பார்க்க வேண்டும் போல இருந்தது. மறுபடி மண்டபங்கள் திறந்ததும் வேண்டுமென்றே பைன்டவுன் பக்கம் ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். சாட்ஸ்வர்த்தில் என்றால் கோயில் ஆட்கள், கல்யாண வீட்டு ஆட்கள், யாராவது பார்த்துவிடுவார்களே!

முதல் வாரம் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அடுத்த வாரம் உள்ளே போனால், டீ போட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் பக்கத்து அக்கா ஒருவர். அவரும் என்னைப் போலவே பயந்து இவ்வளவு தூரம் வந்தவர் என்று பிறகு தெரிந்தது. எனக்குக் கால் ஓடவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, சர்க்கரை எத்தனை?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. இன்றுவரை அந்த அறைக்கு வெளியே அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கட்டணம் இல்லை. தட்டு சுற்றி வரும், முதல் நாள் நீங்கள் போட வேண்டாம். பேசியே ஆக வேண்டும் என்றும் இல்லை, நான் மூன்று கூட்டம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். பல கூட்டங்கள் சர்ச் மண்டபத்தில் நடக்கும், வாடகைக்கு இடம் கிடைப்பதால். மதம் மாற்றும் வேலை அல்ல. 'நாம் உணர்ந்த வகையில் கடவுள்' என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது முருகன். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி எதுவும் கேட்பதில்லை. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடொருவர் பேசித் தொடங்கியது இது. இன்றும் அடிப்படை அதுதான்.

ஃபீனிக்ஸ்

நான் குடிப்பவரின் மனைவி. அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை, நான் போனேன். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. அங்கே கேட்ட மூன்று விஷயங்களை எழுதி அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்: இதற்கு நான் காரணம் இல்லை, என்னால் இதைக் கட்டுப்படுத்த முடியாது, என்னால் இதைக் குணப்படுத்தவும் முடியாது. பதினோரு வருடம் போத்தல் தேடி அலைந்தவள் நான். இப்போது தேடுவதில்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

டோங்காட்

ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். என் மச்சான் தினமும் குடித்தவர், "நாளையிலிருந்து விட்டேன்" என்று வீம்பாக நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. அப்புறம் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார், உடம்பெல்லாம் நடுக்கம். ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து கொடுத்துத்தான் தெளிந்தார். பல காலம் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டரைப் பாருங்கள், கூட்டம் அதற்கு அடுத்தது. குடி, போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் சான்கா என்ற அமைப்பு 1956 முதல் இங்கே இருக்கிறது, அங்கேயும் ஆலோசனை கேட்கலாம்.

ஜோகன்னஸ்பர்க்

நான் மதுரைக்காரன், வேலைக்காக வந்தவன். இங்கே கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. நன்றாகப் புரிகிறது, ஆனால் அப்பா இறந்த அன்று நான் குடித்துவிட்டுக் கிடந்ததை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. சென்னையிலிருந்து நடக்கும் தமிழ்க் கூட்டத்தில் இணையம் வழியாகச் சேர்ந்துகொள்கிறேன். அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே மாலை நாலரை. அங்கேதான் முதல்முறையாக அழுதேன். நேரில் இன்னும் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. அடுத்த மாதம் டர்பனுக்கு மாற்றலாகி வருகிறேன். தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறது, அண்ணா.

சாட்ஸ்வர்த், டர்பன்

தம்பி, வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெள்ளைக் கொரோலாவில் வருவேன். நீங்கள் காரிலேயே கொஞ்ச நேரம் உட்கார வேண்டுமென்றால் நானும் கூட உட்காருகிறேன்.