போலீஸ்காரர் வீட்டில் யார் வாய் திறக்கலாம்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காவலர் மனைவி:

ஆயுதப்படை லைனில் பதினோரு வருஷம் குடியிருந்தோம். ஒரு ஐப்பசி மழையில் சமையலறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து அடுப்பு மேலேயே விழுந்தது. பக்கத்து பிளாக்கைப் படம் எடுக்க வந்த நிருபர் என்னையும் கேட்டார். "மூணு தடவ எழுதிக் கொடுத்தும் யாரும் வந்து பாக்கல" என்றேன். அவ்வளவுதான். பேர் போடவில்லை, ஆனால் படத்தில் கதவு நம்பர் தெரிந்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்காரருக்கு மெமோ. குடும்பத்தாரைப் பேட்டி கொடுக்கவிட்டது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அன்றைக்கு அவர் வெளியூர் பந்தோபஸ்தில் இருந்தார். நான் பேசியதே பேப்பர் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

2024 அக்டோபரில் தெலங்கானா சிறப்புக் காவல் படைக் குடும்பத்துப் பெண்கள் ரோட்டுக்கு வந்தார்கள். புருஷன்மாரின் டியூட்டியும் லீவும் பற்றித்தான் முறையீடு. காவலர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். 39 பேர் சஸ்பெண்ட், 10 பேர் டிஸ்மிஸ். அதைப் படித்தபோது அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது. சம்பளம் வாங்குவது அவர். என் அடுப்பில் விழுந்த காரையைப் பற்றிச் சொல்ல நான் யாரிடம் பர்மிஷன் வாங்கணும்?

ஓய்வு பெற்ற எஸ்.எஸ்.ஐ.:

தங்கச்சி, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பேசக் கூடாது என்ற விதியை நான் மனசார ஒத்துக்கொண்டவன். காரணம் சொல்கிறேன்.

ஏட்டாக இருந்தபோது ஒரு கொலைக் கேஸ். அரிவாளை எந்தக் கிணற்றில் போட்டான் என்று எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், சொல்லிவிட்டான். மறுநாள் காலை சாட்சிகளோடு போய் எடுத்து, எடுத்ததற்கு மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்குவதாகத் திட்டம். தெரிந்த நிருபர் ஒருவர் டீக்கடையில் கேட்டார், வாய் தவறிச் சொல்லிவிட்டேன். விடிந்தால் பேப்பரில் கிணறு. கோர்ட்டில் எதிரித் தரப்பு வக்கீல் அந்தப் பேப்பரை நீட்டி, "ஊருக்கே தெரிந்த இடத்தை எதிரி சொல்லித்தான் கண்டுபிடித்தீர்களா?" என்று கேட்டார். எதிரி சொன்னதை வைத்துப் பொருளைக் கண்டுபிடித்தால் அந்தப் பேச்சைச் சாட்சியமாக்கலாம் என்றது பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவு. அதில் எங்களுக்கு இருந்த பிடி அதோடு போயிற்று. எதிரி விடுதலை. செத்தவனுடைய அம்மா கோர்ட் வாசலில் என்னைத்தான் பார்த்தாள். நான்தான் காரணம் என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

சட்டத்துக்கு வருகிறேன். காவல் படைகளின் உரிமைகளைக் கட்டுப்படுத்த 1966இல் வந்த மத்திய சட்டம் ஒன்று இருக்கிறது. அனுமதியில்லாமல் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது, பத்திரிகையோடு தொடர்பு கூடாது. மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை. கடமையின் பேரில் பேசுவதற்கும், வெறும் இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த எழுத்துக்கும் மட்டும் விலக்கு. அரசியல் சாசனத்தின் 33ஆவது பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது. தில்லி காவலர் சங்கம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றுவிட்டது. ஆனால் அது கட்டுவது படையில் இருப்பவரைத்தான். மனைவியைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. உங்கள் வீட்டுக்காரருக்கு வந்த மெமோ தப்பு.

பணியில் இருப்பவன்:

எந்த மாவட்டம் என்று சொல்ல வேண்டாம் அண்ணா. எனக்கு நடந்தது பேப்பர் விஷயம்கூட இல்லை. அம்மாவுக்கு ஆபரேஷன், லீவு கிடைக்கவில்லை. பேட்ச் ஆட்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் மனசு விட்டு நாலு வரி போட்டேன். சாயங்காலத்துக்குள் எங்கள் துறையின் உளவு வேலை பார்க்கும் தனிப்பிரிவுக்கு ஸ்க்ரீன்ஷாட் போய்விட்டது. பெரிய தண்டனை வரை போகக்கூடிய 3(பி) துறை விசாரணை சார்ஜ் வந்தது. அதைவிட, கூடப் படித்தவர்களில் எவன் அனுப்பினான் என்று இன்றுவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கொடுமை.

பிறகு போலீஸ்காரர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க நடத்தும் காவலர் நிறைவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். "மனம் திறந்து பேசுங்க" என்றார் பயிற்சியாளர். மத்தியானம் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் வயசான ஏட்டய்யா ஒருவர் எழுந்து, "எம் பொண்ணு எங்கூடப் பேசி ஒரு வருஷம் ஆச்சு" என்றார். அதுக்கு அப்புறம்தான் நாங்கள் பேச ஆரம்பித்தோம்.

ஓய்வு பெற்ற எஸ்.எஸ்.ஐ.:

தம்பி, சார்ஜுக்குப் பதில் எழுதும்போது லீவு கேட்டுக் கொடுத்த மனுவின் நகலையும் அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டையும் சேர்த்து வை. இனி எந்த மனு கொடுத்தாலும் இரண்டு காப்பி எடு. ஒன்றில், ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்.