வெள்ளவத்தையா, தெஹிவளையா, ஹெந்தளையா: சபை வரியைப் பார்த்து வீடு வாங்கலாமா?

நிலாமுற்றம் (கேள்வி)

வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறோம், இப்போது சொந்தமாக வாங்குகிற யோசனை. மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறோம். வெள்ளவத்தையில் 4 கோடிக்கு ஒரு தொடர்மாடி வீடு, தெஹிவளையில் கிட்டத்தட்ட அதே விலைக்கு ஒரு பழைய தனிவீடு, ஹெந்தளையில் 6 பேர்ச் காணியோடு இரண்டரைக் கோடிக்கு ஒரு புது வீடு. புரோக்கர் ஒரே பிடியாக நிற்கிறார்: "கொழும்பு மாநகர சபைக்குள்ளே வாங்கினால் வரி கட்டியே முடியாது, பிரதேச சபைப் பக்கம் போங்கோ." நியூ ஜெர்சியில் இருக்கிற மச்சானும் அங்கே ஆட்கள் வரி பார்த்து மாநிலமே மாறுகிறார்கள் என்கிறார். இங்கே வரி வித்தியாசம் வீட்டை முடிவு செய்கிற அளவுக்கு இருக்கிறதா? மகளுக்கு இன்னும் இரண்டு வருடத்தில் முதலாம் தரம்.

உறுதிக்கட்டு

புரோக்கர் சொல்வது சின்னக் கணக்கு. பெரிய கணக்கை அவர் சொல்லவில்லை.

சபை வரி வீட்டின் விலையில் போடப்படுவதில்லை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன வரும் என்று சபை மதிப்பிடும் வருடாந்தப் பெறுமதியில் ஒரு வீதம்தான் வரி. அந்த வீதம் சபைக்குச் சபை மாறும், குடியிருப்புக்கு ஒன்று, வியாபாரத்துக்கு அதைவிடக் கூடிய இன்னொன்று. உதாரணத்துக்கு வருடாந்தப் பெறுமதி 60,000 ரூபா, வீதம் 20 என்று வையுங்கள். வருட வரி 12,000, காலாண்டுக்கு 3,000. முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு, அதாவது 10,800. காலாண்டுக் காசை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம்.

ஆகவே "கொழும்பு வீதம் கூட" என்று மொட்டையாகச் சொல்வதில் பயனில்லை. பெறுமதி எப்போது போடப்பட்டது என்பதுதான் முக்கியம். மீள்மதிப்பீடு பல வருடம் தள்ளிப்போகிற இடங்களில், பழைய வீட்டுக்குப் பழைய பெறுமதியே நிற்கும், பக்கத்தில் புதிதாகக் கட்டியதற்குப் புதுப் பெறுமதி விழும். உங்கள் தெஹிவளைப் பழைய வீட்டில் மேலே ஒரு மாடி எழுப்பினால் பெறுமதி திருத்தப்படும், அதையும் கணக்கில் வையுங்கள். மூன்று வீட்டுக்காரரிடமும் கடைசிக் காலாண்டு பில்லைக் கேட்டு வாங்குங்கள். வருடாந்தப் பெறுமதியும் வரிப்பண இலக்கமும் (சபை அந்த வீட்டுக்குக் கொடுத்த இலக்கம்) அதிலேயே இருக்கும்.

இனி பெரிய கணக்கு. வீடு கைமாறும்போது மாகாணத்துக்குப் போகிற முத்திரை வரி: முதல் 1 லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 4 கோடி வீட்டுக்கு 3,000 + 1,596,000 = 1,599,000 ரூபா. இரண்டரைக் கோடிக்கு 999,000. மூன்று இடமும் மேல் மாகாணம் என்பதால் வீதம் ஒன்றுதான், ஹெந்தளை கம்பஹா மாவட்டம் என்பது இதை மாற்றாது. சபை வரியில் வருடத்துக்குச் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய், மூன்று வருடத்தில் விற்றுவிட்டு இடம் மாறினால், மறுபடி இன்னொரு 10 லட்சமோ 15 லட்சமோ கட்ட வேண்டி வரும். இங்கே ஆட்களை ஒரே இடத்தில் கட்டி வைக்கிற வரி இதுதான்.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வரி சந்தைப் பெறுமதிக்குத்தான். மாகாண இறைவரித் திணைக்களம் மதிப்பீடு செய்வித்து, குறைந்த தொகையைத் தண்டப் பணத்தோடு கேட்கும். பின்னால் விற்கும்போது, விற்ற இலாபத்துக்குப் போடுகிற மூலதன ஆதாய வரிக் கணக்கிலும் அந்தக் குறைந்த விலையே உங்கள் கொள்விலையாக நிற்கும்.

சபைவாசல்

மேலே சொன்னதோடு, வாங்க முன் சபையில் செய்ய வேண்டிய வேலை.

வரி நிலுவை வீட்டோடு வரும், ஆளோடு போகாது. பழைய சொந்தக்காரர் விட்ட பாக்கியை உங்களிடம்தான் கேட்பார்கள், வாரண்ட் செலவும் மேலே ஏறும். நீண்ட காலம் கட்டாத ஆதனத்தைச் சபை தன் பெயருக்கு எடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால்தான், அப்படி எடுக்கவில்லை என்று காட்டுகிற நொன் வெஸ்டிங் சான்றிதழை நொத்தாரிசு கேட்கிறார். கூடவே ஸ்ட்ரீட் லைன் சான்றிதழும் எடுங்கள். பழைய தனிவீடு என்றால் வீதி அகலிப்புக் கோடு முன் மதிலைத் தாண்டி வரவேற்பறைக்குள் போகிறதா என்று அதில்தான் தெரியும். முற்பணம் கொடுக்க முன் இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

உறுதி காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகு, பிரதியைச் சபையின் மதிப்பீட்டுப் பகுதியில் கொடுத்துப் பெயரை மாற்றுங்கள். இதைத்தான் கூடுதலான ஆட்கள் மறக்கிறார்கள். அறிவித்தல் எல்லாம் பழைய ஆளின் பெயரில் வந்து எங்கேயோ கிடக்கும், நிலுவை சேர்ந்துகொண்டே போகும்.

புதுப் பெறுமதி அநியாயம் என்று தோன்றினால் அறிவித்தலில் குறித்த தேதிக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். "வரி கூட" என்று எழுதினால் எடுபடாது. அதே வீதியில் அதே அளவு வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்பதை ஒப்பந்தப் பிரதியோடு காட்டுங்கள். வீட்டின் ஒரு அறையில் டியூஷன் வகுப்போ கந்தோரோ நடத்தினால் வியாபார வீதத்துக்கு மாற்ற வாய்ப்பு உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

ஹெந்தளைக்கு ஒன்று: வத்தளை என்று சொல்கிற எல்லா இடமும் ஒரே சபை கிடையாது. வத்தளை-மாபோலை நகர சபை வேறு, வத்தளை பிரதேச சபை வேறு. பிரதேச சபை, அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனம் செய்த இடங்களில்தான் இந்த வரியை எடுக்கலாம். புரோக்கரின் "வரி குறைவு" எந்தச் சபையின் எந்தப் பகுதிக்கு என்று கேளுங்கள்.

மாடிப்படி

வெள்ளவத்தைத் தொடர்மாடி பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே சபை வரியைவிட மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம்தான் பாரம். லிப்ட், ஜெனரேட்டர், காவல், தண்ணீர் மோட்டர் எல்லாம் அதற்குள். முதலில் கேட்க வேண்டியது: சீ.ஓ.சி. (அனுமதித்த பிளான்படி கட்டியதற்கான சான்றிதழ்) கிடைத்துவிட்டதா, தொடர்மாடிப் பிளான் பதிந்தாயிற்றா, உங்கள் வீட்டுக்குத் தனி வரிப்பண இலக்கம் இருக்கிறதா? முழுக் கட்டிடமும் ஒரே இலக்கத்தில் இருந்தால் பில்லைப் பங்கு போடுவதிலேயே சண்டை வரும், ஒருவர் கட்டாவிட்டால் நிலுவை எல்லோர் தலையிலும். அனுமதித்த பிளானுக்கு மேலே ஒரு மாடி கூடக் கட்டிய இடங்களில் இதுதான் வழமையான சிக்கல். வங்கிக் கடனும் அங்கேயே தடைப்படும்.

நிலாமுற்றம்

மிக்க நன்றி. அப்போ மச்சான் சொன்ன கதை இங்கே பொருந்தாதா? பள்ளிக்கூடம் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

கணக்குப்புத்தகம்

மச்சான் சொல்வது அவருடைய நாட்டுக்குச் சரி. அங்கே மாநிலமே வருமான வரி போடும். டெக்சாஸ், புளோரிடாவில் அது கிடையாது, கலிபோர்னியாவில் உச்ச வீதம் 13.3. ஆனால் டெக்சாஸில் வீட்டு வரி கடுமையானது, வருமான வரியில் விட்டதை அதில் எடுக்கிறார்கள். கலிபோர்னியாவில் 1978இல் வந்த 13ஆம் பிரேரணைப்படி வீட்டு வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 2 வீதத்துக்கு மேல் ஏறாது, விற்றால்தான் புது மதிப்பு. அதனால் பழைய சொந்தக்காரர் நகரமாட்டார்கள்.

இங்கே சம்பள வரி உள்நாட்டு இறைவரிக்கு, நாடு முழுக்க ஒன்று. 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 லட்சம் விலக்கு, உச்சம் 36 வீதம். வெள்ளவத்தையில் இருந்தாலும் வவுனியாவில் இருந்தாலும் அதேதான். மின்சாரம், தண்ணீர்க் கட்டணமும் நாடு முழுக்க ஒரே அட்டவணைதான். சபைக்குச் சபை மாறுவது சேவைதான், அதைப் பாருங்கள். கொழும்பில் கழிவுநீர்க் குழாய் இருக்கிறது. தெஹிவளையில் சில பகுதிகளுக்குத்தான், வீதியை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஹெந்தளையில் பெரும்பாலும் மலசலக் குழிதான். முத்துராஜவெலச் சதுப்பு நிலப் பக்கம் நிலத்தடி நீர் மேலே நிற்பதால் மழைக்காலத்தில் குழி சீக்கிரம் நிரம்பும், அதை உறிஞ்சி எடுக்கப் பவுசர் கூப்பிடுகிற செலவைச் சபை வரியோடு கூட்டிப் பாருங்கள். குப்பை லொறி கிழமைக்கு எத்தனை நாள், ஒழுங்கைக்குள் வருமா, சந்தியோடு நிற்குமா என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். வெள்ளத்தையும் கேளுங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டியில் குறைந்த வரியால் யாருக்கும் ஆறுதல் கிடைக்கவில்லை.

முதலாம் தரத்துக்கு வதிவிடம்தான் பெரிய விஷயம். வாக்காளர் இடாப்பில் தாய், தகப்பன் இருவரின் பெயரும் அந்த முகவரியில் எத்தனை வருடமாக இருக்கிறது என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். உறுதி புதியது என்றால் அதற்கு முழுப் புள்ளி வராது. வரிப்பணப் பற்றுச்சீட்டு துணை ஆவணமாகத்தான் எடுபடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடங்களை நினைத்திருந்தால், இப்போது ஹெந்தளைக்குப் பதிவை மாற்றுவது சேர்த்த வருடங்களைத் தொலைப்பது. இப்போதைய வாடகை முகவரியில் இருவரின் பெயரும் எந்த வருடத்தில் இருந்து பதிந்திருக்கிறது என்று கிராம சேவகரிடம் இந்தக் கிழமையே பார்த்துவிடுங்கள்.

உறுதிக்கட்டு

ஒரு சேர்க்கை. பிறகு விற்கிற எண்ணம் இருந்தால்: விற்க முன் தொடர்ந்து மூன்று வருடம் உங்கள் பெயரில் இருந்து, அதில் இரண்டு வருடமாவது நீங்களே குடியிருந்தால் பிரதான வதிவிடம் என்ற வகையில் மூலதன ஆதாய வரி விலக்கு உண்டு. வாங்கிவிட்டு வாடகைக்குக் கொடுத்து, நீங்கள் வெள்ளவத்தையிலேயே வாடகைக்கு இருந்தால் இது கிடைக்காது. வாடகை வருமானத்தையும் காட்ட வேண்டும், அதில் 25 வீதம் கழிவு கிடைக்கும். மின்சாரப் பில்லையும் இடாப்புப் பிரதியையும் வருடா வருடம் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், குடியிருந்ததற்கு அதுதான் சாட்சி.