சீன மேலங்கியில் வெள்ளைப் பறவை: ஆணுடையதா, பெண்ணுடையதா?

உவர்மலைத் தையல்:
வணக்கம். திருகோணமலையில் கூறைச்சட்டைகளுக்கு ஆரி வேலை செய்கிறேன். தெரிந்த அக்கா ஒருவர் தன் மாமியின் தகரப்பெட்டியில் கிடந்த சீன மேலங்கியைக் கொண்டுவந்து, நெஞ்சிலுள்ள சதுரம் கழன்றுவருகிறது, தைத்துத் தா என்கிறார். கையில்லாத கருநீலப் பட்டு, அடியில் நீளக் குஞ்சம், சதுரத்துக்குள் வெள்ளைப் பறவை, மூலையில் சிவப்புச் சூரியன். அவருடைய மகன் இது அதிகாரியின் சீருடை என்கிறார், எனக்கென்னவோ பெண்ணுடைய உடுப்பாகத்தான் படுகிறது. பறவையை மட்டும் வேறு நூலால் மேலே வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஏன்?

சரிகைப்பித்து:
நீங்கள் நினைத்தது சரி. கையில்லாமல் குஞ்சம் வைத்தது சியாபெய். சீனாவைச் சிங் அரச வம்சம் ஆண்டபோது ஹான் இனத்து அதிகாரிகளின் மனைவிமார் கல்யாணம், சடங்குகளுக்கு உடுத்தது. சதுரச் சின்னம் அதற்கும் முந்தியது, முந்தைய மிங் வம்சக் காலத்தில் 1391இல் வந்தது. சிவில் அதிகாரிக்குப் பறவை, படை அதிகாரிக்கு விலங்கு. மனைவிக்கும் கணவனுடைய பறவைதான், ஆனால் முகம் மற்றப் பக்கம் திரும்பியிருக்கும், இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தால் பறவைகள் ஒன்றையொன்று பார்க்கும். வாலில் எத்தனை இறகு?

உவர்மலைத் தையல்:
ஐந்து. ஓரமெல்லாம் வாள்பல் மாதிரி.

சரிகைப்பித்து:
அப்படியென்றால் வெள்ளி ஃபெசன்ட், காட்டுக்கோழி மாதிரி நீளவால் பறவை. பதவி வரிசையில் ஐந்தாம் தரம். இரண்டு நீள இறகு என்றால் தங்க ஃபெசன்ட், இரண்டாம் தரம். முதல் தரத்துக்கு உச்சி சிவந்த நாரை. கணவனுக்குப் பதவி உயர்ந்தால் சூரியனையும் மேகத்தையும் அப்படியே விட்டுப் பறவையை மட்டும் மாற்றலாம், அதனால்தான் தனியாகத் தைத்தார்கள். எனக்கு அந்தப் பெண்ணை நினைத்தால் மனசு கனக்கிறது, அவளுடைய இடம் அந்த ஒரு பறவையில்தான் இருந்தது.

நிலாவெளி:
அரண்மனைக்குள் கதை வேறு. சியென்லுங் பேரரசர் காலத்தில், 1759இல், யார் எந்த நிறம் உடுத்துவது என்றே விதி எழுதினார்கள். பளிச்சென்ற மஞ்சள் பேரரசிக்கு, கீழ்நிலைத் துணைவியர் அதைத் தொட முடியாது. டிராகன் உருவம் தைத்த அங்கியில் ஆண்களுக்குக் குதிரை ஏற முன்னும் பின்னும் வெட்டு இருக்கும், பெண்களுக்குப் பக்கவாட்டில் மட்டும்.

சரிகைப்பித்து:
ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், தங்கச்சி. தண்ணீரில் நனைக்கவே வேண்டாம். அந்தத் தங்க நூல் பொன்தாளைப் பட்டிழையில் சுற்றியது, துணிக்கு மேலே கிடத்தி மெல்லிய நூலால் கட்டியிருப்பார்கள். அதை ஊசியில் கோத்து இழுத்தால் தாள் உரிந்துவிடும். பழைய துளையிலேயே பட்டு நூலால் கட்டுங்கள், பசை கூடாது. நம் ஊர் உப்புக்காற்றுக்கு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பொலித்தீனில் போடாதீர்கள்.