அஞ்செட்டி பக்கம் வகுப்பு எடுக்க ஒரு இடம் கிடைக்குமா?

வணக்கம்ங்க. நமக்குக் கிருஷ்ணகிரிதான். முதல்ல மேலகிரிக் காட்டுல யானைத் தடம் பார்த்துத் திரிஞ்சேன். அப்புறம் மாலத்தீவுல நாலு வருசம் கணக்கு வாத்தியார். இப்போ குடும்பங்களுக்கு வரவு செலவுத் திட்டம் போட்டுத் தர்றேன். (என்ன வேலைன்னு எங்கம்மாவுக்கு இன்னும் புரியல.)

மாசாமாசம் கட்டுற திட்டம் மா விவசாயிக்கு ஒத்துவராது. காசு வர்றது சீசன்ல மட்டும்தான். பத்து வயசுக்குள்ள பொண்ணு இருந்தா செல்வமகள் கணக்குல (பொண்ணு பேருல போடுற அரசாங்க சேமிப்பு) அறுவடைக் காசை மொத்தமாவே போடலாம், வருசத்துக்கு 250 ரூபாய்ல இருந்து 1.5 லட்சம் வரை. இது தெரியாம பதிவில்லாத சீட்டுல போட்டு ஏமாறுறாங்க. நானும் ஏமாந்தவன்தான்.

இதையெல்லாம் மகளிர் குழுக்களுக்கு இலவசமா சொல்லித்தரணும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் இடம் தர முடியுமா? கூட நின்னு கன்னடத்துல, தெலுங்குல சொல்ல ஆளும் வேணும். என் கன்னடம் சந்தையில பேரம் பேசத்தான் ஆகும்.