ஓர்லொக் முகத்தின் கண்குழி சேறாகிறது, என்ன செய்வது?

தலவாக்கலை தூரிகை:
1922இல் வந்த நொஸ்ஃபெராட்டு என்ற பேய்ப் படத்து இரத்தக் காட்டேரி கவுண்ட் ஓர்லொக்கை வோட்டர் கலரில் வரைகிறேன். மொட்டைத் தலை, கூர்க்காது, எலிப்பல் எல்லாம் நன்றாக வருகிறது, கண்ணைச் சுற்றியுள்ள குழிதான் பிரச்சினை. கறுப்பை வைத்தால் கன்னம்வரை பரவி இறங்குகிறது, மேலே இன்னொரு பூச்சு போட்டால் சேறாகிவிடுகிறது. இங்கே ஒரே மழையும் மூட்டமும், பேப்பர் காய்கிற மாதிரியே இல்லை. அப்புறம் படமே கறுப்பு வெள்ளை, தோலுக்கு என்ன நிறம் கொடுப்பது?

பண்டாரவளை அக்கா:
தம்பி, முதலில் கறுப்பு டியூபை மூடி வையுங்கள். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் தண்ணீர் குறைத்துக் கலந்தாலே கறுப்புக்குக் கிட்ட வரும். நீலம் கூடினால் குளிர்ந்த நிழல், சியன்னா கூடினால் அழுகிய தோல். பரவுவது பேப்பருக்குள் ஈரம் நிற்பதால். மினுமினுப்பு போய்விட்டது என்று நம்ப வேண்டாம், புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. ஹெயார் டிரையரைத் தள்ளிப் பிடித்து நன்றாகக் காயவைத்த பிறகுதான் அடுத்த பூச்சு. 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்திப் பேப்பர் விலைதான், ஆனால் முகத்துக்கு அதுதான் தாங்கும். மீதித் தாள்களைப் பொலித்தீன் உறையில் கட்டி வையுங்கள். நம்ம ஊர் ஈரத்தில் சும்மா கிடந்தால் பூஞ்சணம் பிடித்து, நிறத்தைத் திட்டுத் திட்டாக உறிஞ்சும்.

ஹட்டன் வாசி:
நிறத்துக்கு வழி அந்தப் படத்திலேயே இருக்கிறது. இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, படச்சுருளுக்கு நீலச் சாயம் ஏற்றித்தான் இரவாக்கினார்கள். அதனால் மெல்லிய நீலத்தைத் தாள் முழுக்க ஓடவிட்டு, நெற்றியில் மட்டும் தாளின் வெள்ளையை அப்படியே விடுங்கள். அடுத்து 1931 பிராங்கென்ஸ்டைன் பூதத்தை வரைவதென்றால் பச்சைக்குப் போகலாம், பூதமாக நடித்த போரிஸ் கார்லொஃபுக்கு ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ் போட்ட ஒப்பனையே பச்சைச் சாயல்தான், கெமராவில் அது பிணம்போல வெளிறித் தெரியும். விரிடியன் பச்சையில் துளி சிவப்பு சேர்த்தால் அந்தப் பச்சையின் பளிச் அடங்கும்.

பண்டாரவளை அக்கா:
நெற்றி விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்த்துத்தான் வெள்ளை விட வேண்டும். தம்பி, எந்தக் காட்சி?

தலவாக்கலை தூரிகை:
கப்பல் தளத்தில் நிற்பது, அக்கா. கெமரா கீழேயிருந்து பார்க்கும்.

பண்டாரவளை அக்கா:
அப்படியென்றால் முகத்தோடு நிறுத்த வேண்டாம், கையையும் சேருங்கள். அந்த நகங்கள் இல்லாமல் ஓர்லொக்கா? கண்குழியைக் கடைசியில் வையுங்கள், மற்றதெல்லாம் காய்ந்த பிறகு.