பங்கு விலை விழும் என்று பணம் போட்டீர்களா? உங்களுக்கு நடந்தது என்ன?

கரடிக்குட்டி:
காலாண்டு முடிவு மோசமாகத்தான் வரும் என்று தெரியும். முந்தின நாள் மாலையே புட் (பங்கு விழுந்தாலும் குறித்த விலைக்கு விற்கும் உரிமை) வாங்கிவிட்டேன். மறுநாள் பங்கு 4 சதவீதம் கீழே திறந்தது. பல்கூடத் துலக்காமல் திரையைப் பார்க்கிறேன்: பங்கும் சிவப்பு, என் புட்டும் சிவப்பு. ஆப் மக்கர் செய்கிறது என்று மூன்று முறை ரெஃப்ரெஷ் செய்தேன். முடிவு வரும்வரை ஊதிக்கிடந்த ஐவி (விலை எவ்வளவு ஆடும் என்ற எதிர்பார்ப்பு; அது கூடினால் புட் விலையும் கூடும்), வந்த உடனே இறங்கி, இறக்கத்தில் கிடைத்ததையும் விழுங்கிவிட்டது. கணிப்பு தப்பியிருந்தால் மறந்திருப்பேன். சரியாகச் சொல்லியும் தோற்றேனே, அதுதான் உறுத்துகிறது.

ராக்கோழி:
உங்களுக்குப் போனது புட்டுக்குக் கொடுத்த விலை, பிரீமியம் மட்டும். நான் பங்கையே கடன் வாங்கி விற்று, விழுந்ததும் திருப்பி வாங்கிக் கொடுக்கலாம் என்று ஷார்ட் அடித்தவன். 100-ல் விற்று, 108-ஐத் தொட்டால் தானாகத் திருப்பி வாங்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இரவோடு இரவாக, இன்னொரு நிறுவனம் அதை வாங்கப்போவதாக அறிவிப்பு. காலையில் முதல் விலையே 131. நடுவில் 108 என்ற விலை வரவே இல்லை. ஃபோனில் ஒரே வரி: 'உங்கள் ஆர்டர் நிறைவேறியது'. என்ன ஒரு மரியாதை!

சந்தைச்சித்தர்:
ராக்கோழி, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஷார்ட்டை ராத்திரி தாண்டி வைத்திருந்தால் ஸ்டாப் லாஸை நம்பவே கூடாது. 2008 அக்டோபரில் ஃபோக்ஸ்வாகன் ஷார்ட்டில் பெரிய பெரிய ஃபண்டுகளே மாட்டின. தன்னிடம் 42.6 சதவீதப் பங்கும், மேலும் 31.5 சதவீதத்துக்கு ஆப்ஷன் ஒப்பந்தமும் இருப்பதாக போர்ஷே ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தது. சுமார் 20 சதவீதம் ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநில அரசிடம். மிச்சம் 6 சதவீதம்கூடத் தேறாது. திருப்பி வாங்கச் சரக்கு எங்கே? செவ்வாய்க்கிழமை விலை 1000 யூரோவைத் தாண்டியது.

அதனால் ஒரு புட்டை வாங்கி இன்னொன்றை விற்கும் ஸ்ப்ரெட் போடுங்கள். பங்கு 100-ல் இருக்கிறதா? 100 ஸ்ட்ரைக் (விற்க உரிமையுள்ள விலை) புட்டை 6-க்கு வாங்கி, 90 ஸ்ட்ரைக் புட்டை 2.50-க்கு விற்றுவிடுங்கள். கைவிட்டுப் போவது அதிகபட்சம் 3.50, கிடைப்பது அதிகபட்சம் 6.50. விற்ற புட்டிலும் ஐவி இறங்குவதால் கரடிக்குட்டிக்கு வந்த அடியும் குறையும். எக்ஸ்பைரிக்கு (புட் காலாவதியாகும் நாள்) அவகாசம் வையுங்கள். முடிவு வரும் நாளுக்கு முந்தின மாலை வாங்கவே வாங்காதீர்கள். எனக்கும் ஒருமுறை பட்டது, அதை விடுங்கள்.

கரடிக்குட்டி:
சித்தரே, ஆலோசனை யார் கேட்டது? உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். பங்கு 96-ல் நின்றால் எக்ஸ்பைரியில் எனக்கு லாபம் வெறும் 0.50. தரகுக்குப் போதுமா?

ராக்கோழி:
அந்த 'ஒருமுறை பட்டது' என்ன என்று சொல்லுங்கள். அதற்குத்தானே இங்கே வந்திருக்கிறோம்.

மெதுநடை:
நான் ஷார்ட்டும் இல்லை, புட்டும் இல்லை. சந்தைக் குறியீட்டு எண்ணான இன்டெக்ஸ் விழுந்தால் இரண்டு மடங்கு ஏறும் இன்வர்ஸ் ஃபண்டு வாங்கினேன். இன்டெக்ஸ் 100-லிருந்து ஒரே நாளில் 90. என் 100, 120 ஆனது. வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். மறுநாளே இன்டெக்ஸ் திரும்பி 100-க்கு வந்தது. சரி, நமக்கும் பழைய 100 இருக்கும் என்று திறந்தால் 93 சொச்சம். அது தினசரி மாற்றத்தைத்தான் இரண்டு மடங்காக்குமாம். 90-லிருந்து 100 என்பது 11 சதவீத ஏற்றம், எனக்கு 22 சதவீத அடி. இன்டெக்ஸ் போன இடத்துக்கே வந்துவிட்டது, என் 7 எங்கே என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.